இரணைமடு நீர்த்தேக்கம்: பயனும் காப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை ஆறில்லா நாடு என்பர். ஆனையிறவைக் கடந்ததும் தொடங்கும் வன்னிப் பெருநிலமோ ஆறுகளாலும் குளங்களாலும் பெயர் பெற்றது. ஆயினும் வன்னியின் ஆறுகள் சீவநதிகள் அல்ல. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழையிலே கரைபுரண்டோடும் அவை, சோளகக் காற்று வீசத் தொடங்குமுன்னரே மணற்படுக்கையாய் மாறிவிடும். மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டு வாழ வேண்டிய நிலை இந்நிலத்து மக்களுக்கு ஏற்பட்டது. அந்த நிலையே குளத்தைப் படைத்தது. அத்தகைய குளங்களுள் வட மாகாணத்திலே மிகப் பெரியது இரணைமடு.

குளத்தாற் பெறும் பயனைப் பேசுவோர் பலர். அப்பயனைத் தாங்கி நிற்கும் அணையின் காப்பைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். நூறாண்டு கடந்த இரணைமடுவின் வரலாற்றிலே இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தும் முரணியும் வந்துள்ளன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்திலே தோன்றி, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களினூடாக வடக்கு நோக்கி ஓடி, ஆனையிறவுப் பக்கமாகக் கடனீரேரியைச் சேர்கின்றது. இவ்வாற்றின் குறுக்கே எழுந்ததே இரணைமடு. ‘இரணை’ என்பது இரட்டை. ‘மடு’ என்பது ஆழமான நீர்நிலை. இரு மடுக்கள் அருகருகே கிடந்த இடம் என்பதைப் பெயரே உணர்த்துகின்றது.

ஈழத்தின் பழைய குளங்களை ஆராய்ந்து நூலெழுதிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இவ்விடத்தின் தகுதியைக் கண்டு ஒரு திட்டம் வகுத்தார். அத்திட்டம் பின்னர்த் திருத்தப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வேலை ஆரம்பமாகி, 1920ஆம் ஆண்டளவிலே நிறைவுற்றது. இதற்கிடையில், 1905இல், காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை அமைந்தது. நீரும் பாதையும் சேர்ந்தே காட்டைக் களனியாக்கின. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின்னர்க் குடியேற்றங்கள் பெருகின. குளத்தின் இடக்கரை, வலக்கரை வாய்க்கால்களின் வழியே உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை முதலிய ஊர்கள் நெல்லூர்களாய் வளர்ந்தன. நிலமின்றி வந்த குடும்பங்கள் நிலமுடையவையாயின. கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமாகும் அளவுக்குப் பெருகியதற்கு இக்குளமே அடிப்படை எனின் மிகையாகாது.

ஊர் பெருகவே நீரின் தேவையும் பெருகியது. முதலிற் கட்டப்பெற்ற குளம் இன்றைய கொள்ளளவின் ஒரு பகுதியையே கொண்டிருந்தது. 1950களிலும் 1970களிலும் அணை உயர்த்தப்பட்டு, கொள்ளளவு ஏறத்தாழ 106,500 ஏக்கர் அடியாகியது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. போர்க்காலத்திலே பராமரிப்பின்றிக் கிடந்த குளம், போர் முடிந்தபின் ஆசிய அபிவிருத்தி வங்கி முதலியவற்றின் நிதியுதவியோடு புனரமைக்கப்பட்டது. அப்போது முழுநீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டது. கொள்ளளவும் ஏறத்தாழ 119,500 ஏக்கர் அடியாகியது. இரண்டு அடி என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் அந்த இரண்டு அடியிலே 13,000 ஏக்கர் அடி நீர் அடங்கியுள்ளது. அது முழுவதும் மண்ணாலான ஓர் அணையின் மேற்பகுதியிற் சாய்ந்து நிற்கின்றது.

மண்ணணை எவ்வாறு அழிகின்றது என்பதை இங்கு அறிதல் வேண்டும். ஒன்று, வெள்ளம் கட்டின் மேலாக வழிந்து அதனை அரித்தல். இதனைத் தடுப்பதற்கே கலிங்கும் வான்கதவுகளும் அமைக்கப்படுகின்றன. மற்றது, கட்டினூடாக நீர் கசிந்து, மண்ணைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோய், உள்ளே துளை விழச் செய்தல். மரவேரும் கறையானும் விலங்குகளின் வளையும் இதற்குத் துணைபோகும். முதலாவது அபாயத்தைக் கண்ணாற் காணலாம்; இரண்டாவதைக் காண்பது அரிது.

இவ்விரு வகைக்கும் ஈழத்திலேயே சான்றுகள் உள. 1957ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்திலே அநுராதபுரத்தை அடுத்த நாச்சதூவக் குளத்தின் அணை உடைந்தது. கந்தளாய்க் குளமோ 1986 ஏப்பிரல் 20ஆந் தேதி, மாரிவெள்ளம் எதுவுமில்லாத வேளையில், ஊர் உறங்கும் பின்னிரவிலே உடைப்பெடுத்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. வெள்ளமில்லாத நாளில் அணைக்கு அச்சமில்லை என்ற எண்ணத்தைக் கந்தளாய் பொய்யாக்கிற்று. அணையை மனிதர் அழிப்பதும் உண்டு. போரின் இறுதிக் கட்டத்திலே, 2009 சனவரியில், கிளிநொச்சி மாவட்டத்துக் கல்மடுக்குளத்தின் கட்டுத் தகர்க்கப்பட்டது.

இரணைமடுவின் அணை உடையவில்லை. ஆயினும் அது 2018இல் ஒரு கடும் பாடத்தைப் புகட்டியது. புனரமைக்கப்பட்ட குளம் அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்திலே சனாதிபதியால் மக்களிடம் கையளிக்கப்பட்டது. இரு வாரங்கள் கழிந்து, டிசம்பர் 21ஆந் தேதி இரவு, வன்னி எங்கும் பெருமழை கொட்டியது. ஏற்கெனவே நிறைந்திருந்த குளத்தின் நீர் 36 அடியையும் கடந்து ஏறவே, வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை முதலிய இடங்கள் நீரில் ஆழ்ந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல்லாயிரவர் இடர்ப்பட்டனர். போரினால் அனைத்தையும் இழந்து மீளக் குடியேறிய மக்கள் பத்தாண்டுக்குள் மீண்டும் உடைமை இழந்தனர். கதவுகளை முன்னரே திறந்திருக்கலாகாதா என்ற வினா எழுந்தது, விசாரணையும் நடைபெற்றது.

அவ்வினாவுக்கு ஒருவரைக் குற்றங்கூறி விடைகாண்பது எளிது. வரலாற்றை நோக்குவோர்க்கு அது போதாது. ஒரே குளத்தினிடம் பல பயன்களை எதிர்பார்க்கும்போது, ஒவ்வொரு பயனும் ஒவ்வொரு நீர்மட்டத்தை வேண்டுகின்றது. கமக்காரன் மார்கழி முடிவிலே குளம் நிறைந்திருத்தல் வேண்டும் என்பான். எத்தனை ஏக்கரிற் சிறுபோகம் விதைக்கலாம் என்பதை அந்நீரே தீர்மானிக்கின்றது. நன்னீர் மீன்பிடிப்போர் ஆவணியிலும் ஆழம் வேண்டுவர். குடிநீர் கேட்போர் வறட்சிக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்வர். வெள்ளக்காப்போ மழைக்காலத்திற் குளத்திலே வெற்றிடம் இருத்தல் வேண்டும் என்கின்றது. முன்னையவற்றுக்கெல்லாம் வாதாட ஆட்கள் உளர். வெள்ளம் வரும்வரை வெற்றிடத்துக்காக வாதாடுவார் எவருமிலர்.

இம்முரண்பாடு குடிநீர் விடயத்திலும் வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் 2010ஐ அடுத்த ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டபோது, சிறுபோகத்துக்கே நீர் போதாத நிலையிற் பங்கு கொடுப்பது எங்ஙனம் எனக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். முடிவில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டிலே திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். குடாநாட்டின் தாகமும் உண்மை. வன்னி விவசாயியின் அச்சமும் உண்மை.

குளத்தின் காப்பு அணைக்கட்டோடு முடிவதில்லை. அதன் சூழலையும் பொறுத்தது. மேற்புறத்துக் காடு அழிந்தால் மழைநீர் விரைந்து வந்து சேரும், வண்டலும் உடன்வரும். ஆற்றிலே மணல் அகழ்ந்தாற் கரைகள் இடியும். கீழ்ப்புறத்திலே ஆற்றுக்குரிய ஒதுக்கு நிலத்தில் வீடும் பயிரும் நெருங்கினால், சிறுவெள்ளமும் பேரிடராகும். பல்லாண்டுகள் வெள்ளம் காணாத ஆற்றோரத்தை மக்கள் பாதுகாப்பான மேட்டுநிலம் எனக் கருதிவிடுவர். ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை. கடைசியாக அந்நீர் சென்று சேரும் பக்கத்திலே சுண்டிக்குளம் உள்ளது. 1938இலே பறவைகள் சரணாலயமாகவும் 2015இலே தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அவ்விடத்துப் பறவைகளும் இக்குளத்தின் பயனாளிகளே.

இனிப் பொழுதுபோக்கைப் பற்றியும் ஒரு சொல். வான் பாயும் காலத்திலே இரணைமடுவைக் காணக் குடாநாட்டிலிருந்தும் வன்னியெங்கிருந்தும் மக்கள் திரள்கின்றனர். கனகாம்பிகை அம்மன் கோயிலை வழிபட்டு, குளக்கட்டிலே நின்று, கடல்போன்ற நீர்ப்பரப்பைக் கண்டு மகிழ்வது நன்றே. தம் சோற்றின் ஊற்றை மக்கள் நேரிற் காண்பது கல்வியுமாகும். ஆயினும் வான்கதவின் கீழே பாயும் நீரின் வேகம் நீச்சல் வல்லாரையும் வெல்லும். எச்சரிக்கைப் பலகையும் தடுப்பு வேலியும் கதவு திறக்குமுன் ஒலிக்கும் சங்கும் குளத்தின் உறுப்புகளாகவே கருதப்படல் வேண்டும். காண வருவோரும் கட்டின் கற்பதிப்பைப் பெயர்க்காமலும், குப்பையை வாய்க்காலில் எறியாமலும், கட்டின் அடியிலே புதிதாய் ஈரமோ ஊற்றோ காணின் அதிகாரிகளுக்கு அறிவித்தும் ஒழுகுவாராயின், அணைக்கு ஆயிரம் காவலர் கிடைத்தவராவர்.

பண்டைய வன்னியூர்களிலே மாரிக்கு முன் குளக்கட்டைச் செப்பனிடுவது ஊரார் அனைவரதும் கடமையாயிருந்தது. பெருங்குளங்கள் அரசின் பொறுப்பான பின்னர் அக்கடமையுணர்வு தளர்ந்தது. பொறியியலாளரின் கணிப்பு, வானிலை நிலையத்தின் முன்னறிவிப்பு, விவசாயிகளின் அனுபவம், கீழ்ப்புறத்து ஊர்களின் குரல் ஆகிய நான்கும் மாரி தொடங்குமுன் ஒன்றுகூடி, எம்மாதத்தில் எவ்வளவு நீர் நிற்கலாம் என்பதை முடிவுசெய்து, அதனை யாவரும் அறிய வெளியிடுதல் வேண்டும். விதைப்பை முடிவுசெய்யக் கூட்டம் கூடும் நாம், வெள்ளத்துக்கு இடம்விடுவதையும் அதே கூட்டத்தில் முடிவுசெய்வது அரிதன்று. குளத்தை நிறைப்பது மழை. நிறைந்த குளத்தைக் காப்பது மக்களின் பொறுப்பு.