லண்டனிலிருந்து மெட்ராஸ் வரை: பழைய காரும் அதன் வயரிங்கும்

இந்த முறை கார் பற்றி ஒரு கட்டுரை. கார் என்றதும் இன்ஜின், வேகம், குதிரைத்திறன் என்று எதிர்பார்க்க வேண்டாம். யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயத்தின் சரித்திரம் இது: வயரிங்.

தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம் வந்துவிட்டால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. அதே சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் 1990 முதல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்பு அந்தக் கிளப்பின் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. பந்தயம் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது இந்த வகைதான். வட்டமான பாதை, சில நிமிடங்கள், யார் முதலில் என்ற கேள்வி.

ஆனால் நெடுந்தூர ரேலி வேறு ரகம். பல நாடுகள், பல வாரங்கள், இரவு பகலாக ஓட்டம். அங்கே முதல் கேள்வி "யார் வேகம்?" என்பதல்ல. "யார் வந்து சேர்ந்தார்கள்?" என்பதுதான்.

நம்ம மெட்ராஸுக்கும் வந்தார்கள்

1968 நவம்பர் 24ஆம் தேதி லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவிலிருந்து 98 கார்கள் கிளம்பின. இலக்கு சிட்னி. ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி, பிறகு பம்பாய். பம்பாயில் கப்பல் ஏறியவை 72 கார்கள்தான். ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்து சிட்னியில் முடித்தவை 56. ஜெயித்தது ஏதோ பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஹில்மன் ஹன்டர் என்ற சாதாரணக் குடும்பக் கார். ஓட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ கோவன். முன்னணியில் இருந்த லூசியன் பியாங்கியின் சிட்ரோயன், சிட்னியை நெருங்கும் நேரத்தில் எதிரே வந்த காரில் மோதி நொறுங்கியது. பத்திரமாக வந்துகொண்டிருந்த ஹில்மனுக்கு வெற்றி.

அடுத்த லண்டன்–சிட்னி ரேலி 1977 ஆகஸ்ட் 14ஆம் தேதி தொடங்கியது. மொத்தம் சுமார் 30,000 கிலோமீட்டர். இம்முறை இந்தியாவில் கார்கள் கப்பல் ஏறிய ஊர் எது தெரியுமா? மெட்ராஸ்! இங்கிருந்து பினாங்குக்குக் கடல் வழி. மறுபடியும் ஜெயித்தவர் அதே ஆண்ட்ரூ கோவன், இம்முறை மெர்சிடிஸ் பென்ஸ் 280 ஈ காரில்.

உலகப் புகழ்பெற்ற ஒரு ரேலி நம் துறைமுகம் வரை வந்து போயிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். 98இல் 56 என்றால் 42 கார்கள் வழியில் காணாமல் போயின. விபத்து ஒரு காரணம், இன்ஜின் உடைவது இன்னொரு காரணம். ஆனால் ரேலிக்குக் கார் தயாரிப்பவர்கள் எப்போதும் பயப்படுகிற மூன்றாவது எதிரி ஒன்று உண்டு. அறுந்த ஒரு வயர். இன்ஜின் நன்றாக இருக்கும், டயர் நன்றாக இருக்கும், பெட்ரோல் இருக்கும்... கார் மட்டும் நகராது.

காருக்குள் மின்சாரம் வந்த கதை

1907இல் பெக்கிங்கிலிருந்து பாரிஸுக்கு ஓர் ஓட்டம் நடந்தது. ஐந்து வண்டிகள் கிளம்பின, நான்கு போய்ச் சேர்ந்தன. இத்தாலிய இளவரசர் போர்கீஸ் தன் இட்டாலா காரில் ஜூன் 10 அன்று புறப்பட்டு, ஆகஸ்ட் 10 அன்று பாரிஸை அடைந்தார். அந்தக் காலத்துக் காரில் மின்சாரத்துக்கு ஒரே ஒரு வேலைதான், பெட்ரோலைப் பற்ற வைக்கும் பொறி. விளக்கு வாயுவில் எரியும். இன்ஜினைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும்.

1912இல் கேடிலாக் கார்களில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குப் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரியை நிரப்ப டைனமோ வேண்டும். மின்சாரம்தான் இருக்கிறதே என்று விளக்கும் மின்விளக்கானது. ஹாரன், வைப்பர், பெட்ரோல் பம்ப், மீட்டர்கள் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஐம்பது வருடத்தில் இரண்டு மூன்று வயர்கள் ஒரு பெரிய கட்டாக வளர்ந்துவிட்டன. ஆனால் 1950களின் பல பிரிட்டிஷ் கார்களில் இத்தனைக்கும் இருந்த ஃபியூஸ் எவ்வளவு? இரண்டே இரண்டு! ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது.

நம் அம்பாசிடர் இந்த வம்சம்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்தது, 2014 வரை தயாரானது. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் வழிதான். பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனம் என்றால் லூகாஸ். அந்த லூகாஸ் நம் ஊர் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். ஆனது, சென்னை பாடியில். நாடு முழுவதும் ஓடிய கார்களின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் நம் மாநிலத்தில் உருவாயின. எனவே வயரிங் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை.

ஒரு வரவு செலவுக் கணக்கு

நான் பி.காம். மாணவன். எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். காரின் மின்சாரம் என்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. டைனமோ வரவு. விளக்கும் மற்றவையும் செலவு. பேட்டரி சேமிப்பு.

அந்தக் காலத்து 12 வோல்ட் டைனமோ ஒன்று அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். இப்போது அந்தக் காரை இரவு ரேலிக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தலா 60 வாட் ஹெட்லைட் இரண்டு, 10 ஆம்பியர். தலா 100 வாட் கூடுதல் விளக்கு இரண்டு, சுமார் 17 ஆம்பியர். இக்னிஷன் காயில் 4. வைப்பர் 3. பின்விளக்கு, மீட்டர் விளக்கு, வரைபடம் பார்க்க ஒரு விளக்கு எல்லாம் சேர்த்து 3. மொத்தச் செலவு 37.

வரவு 22, செலவு 37. 15 ஆம்பியர் பற்றாக்குறை! 60 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி நான்கு மணி நேரத்தில் காலி. நிஜத்தில் அதற்கு வெகு முன்பே விளக்கு மங்கத் தொடங்கும், பிறகு இக்னிஷனும் தடுமாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் வரவு கிட்டத்தட்ட பூஜ்யம். நெரிசலில் நின்றால் சேமிப்பைத் தின்றுகொண்டே நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் ரேலி தயாரிப்பில் பெரும்பாலானோர் முதலில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறார்கள். மெதுவாக ஓடும்போதும் அது மின்சாரம் தரும், அதிகபட்ச வரவும் கூடுதல். 1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் இது வழக்கமான பாகமாகவே வந்துவிட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். ஆல்டர்னேட்டர் மாட்டுவதற்கு முன் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்ற வேண்டும். மாற்றாமல் இணைத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் நொடியில் போய்விடும்.

வயரிங்கை எப்படி மாற்றுகிறார்கள்?

ஆங்கிலத்தில் வயர் கட்டுக்கு 'லூம்' என்று பெயர். லூம் என்றால் தறி! பழைய கார்களில் வயர்களை ஒன்றாகச் சேர்த்து அவற்றின் மேல் பருத்தி நூலால் பின்னியிருப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் தறியில் ஒரு பாவு முடிந்ததும், பழைய பாவின் முனையில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுப்பார்கள். அப்படிச் செய்தால் பண்ணையிலும் விழுதிலும் மறுபடி கோக்க வேண்டியதில்லை. கார் எலக்ட்ரீஷியனும் இதையேதான் செய்கிறார். பாடிக்குள் கை நுழையாத சந்துகளில், பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி மறுபக்கத்திலிருந்து மெதுவாக இழுக்கிறார்.

லூகாஸ் வயர்களின் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அதே மின்சாரம் ஃபியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பின்விளக்கு, கறுப்பு எர்த். புதிய வயர் போடும்போதும் இதே நிறங்களைப் பின்பற்றுவது நல்லது. நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பழுது பார்க்கும்போது நிறம்தான் வழிகாட்டி.

அடுத்தது ரிலே. பழைய காரில் ஹெட்லைட்டுக்குப் போகும் முழு மின்சாரமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றிப் போகும். வழியில் துருப்பிடித்த இணைப்புகளில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் என்ன ஆகும்? விளக்கின் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ரிலே வைத்தால் சுவிட்ச் கட்டளை மட்டும் தரும். மின்சாரம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் தடித்த வயரில் விளக்குக்குப் போகும். பல்பை மாற்றாமலே வெளிச்சம் கூடும்.

பிறகு ஃபியூஸ். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபியூஸ். வைப்பரில் ஷார்ட் ஆனால் வைப்பர் மட்டும்தான் நிற்க வேண்டும், கார் நிற்கக் கூடாது. இணைப்புகளில் ஈயப் பற்றைவிட, அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் முனைகளைத்தான் பலரும் விரும்புகிறார்கள். பற்று வைத்த இடத்தில் வயர் கம்பி போல விறைத்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கினால் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அறும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் வேண்டும். சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. இக்னிஷன் காயில் பக்கத்திலேயே இன்னொரு காயிலை முன்கூட்டியே பொருத்திவிடுகிறார்கள். முதல் காயில் போனால் வயர்களைப் பிடுங்கி அடுத்ததில் செருக வேண்டியதுதான். இரண்டு நிமிட வேலை. பெட்ரோல் பம்புக்கும் இதே ஏற்பாடு. ஆற்றைக் கடக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ரப்பர் கையுறை மாட்டி, விரல்கள் வழியாகப் பிளக் வயர்களை வெளியே எடுக்கும் தந்திரமும் உண்டு!

இது அசல்தானா?

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி வருகிறது. இத்தனையும் மாற்றினால் அது பழைய கார்தானா? பழமை விரும்பிகள் பலர், தயாரானபோது இருந்த நிலையில்தான் கார் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கென்று ஓர் இடம் உண்டு. கோயம்புத்தூரில் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் காருக்கு அசல் வயர் அழகு.

ஆனால் ஓடுகிற கார் வேறு. 1997இல் பெக்கிங்–பாரிஸ் ஓட்டத்தைப் பழைய கார்களோடு மறுபடி நடத்தினார்கள். திபெத், நேபாளம், வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் வழியாகப் போனது. ஜெயித்தது 1942ஆம் வருட வில்லிஸ் ஜீப். அந்த மலைகளில் அறுபது வயது ரப்பர் வயரை நம்பி யார் போவார்கள்? வெடித்த ரப்பருக்குள் இருக்கும் செம்பு தகரத்தில் பட்டால், போவது வயர் மட்டுமல்ல. தீப்பிடித்தால் முழுக் காரும் போய்விடும். அசலைக் காப்பாற்றுகிறேன் என்று அசலையே எரித்த கதையாகிவிடும்.

நம் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது, வின்டேஜ் ரேலிக்கு ஓட்டலாம். பெரிய மாற்றம் கூடாது என்று சொல்லும் விதி, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகிய மூன்றைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வயரிங் அந்தப் பட்டியலில் இல்லை. காரின் உடம்பு அசலாக இருக்கட்டும், நரம்பைப் புதுப்பிக்கலாம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

என் கவலை வேறு. அம்பாசிடரும் நின்றுவிட்டது, பத்மினியும் ஹெரால்டும் அதற்கு முன்பே நின்றுவிட்டன. டைனமோவைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லும் எலக்ட்ரீஷியன்களுக்கு வயதாகிவிட்டது. புதுப்பேட்டையில் தேடினால் பாகம் கிடைக்கலாம். இவர்கள் கைகளில் இருக்கும் அறிவு எந்தக் கடையில் கிடைக்கும்? எந்த வயர் எங்கே போகிறது என்பதை அவர்களில் பலர் எங்கும் எழுதி வைத்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு பழைய கார் தூங்கிக்கொண்டிருந்தால், அதைத் தொடும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் வயரைப் பிடுங்குவதற்கு முன் அதன் இரண்டு முனைகளிலும் சீட்டு ஒட்டுங்கள். படம் வரையுங்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் சொல்வதை எழுதுங்கள். மெட்ராஸ் துறைமுகம் வரை வந்த அந்த ரேலியை நாம் மறந்துவிட்டோம். இதையாவது எழுதி வைப்போமே!