எடை போட்டு விற்ற பாட்டு

2006ஆம் வருடம். நான்கு நிமிடம் ஓடும் ஏதோ ஒரு ஆங்கிலப் பாட்டு. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் அதன் விலை 99 சென்ட். மாஸ்கோவிலிருந்து இயங்கிய ஆல்ஆஃப்எம்பி3 என்ற இணையத்தளத்தில் அதே பாட்டு சுமார் 12 சென்ட். அந்த டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போன இசை நிறுவனங்கள் அப்படிப்பட்ட ஒரு பாட்டுக்குக் கேட்ட நஷ்டஈடு ஒன்றரை லட்சம் டாலர்!

பாட்டு ஒன்றுதான். விலைதான் மூன்று.

இணையத்தில் பாட்டு இறக்குவது பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் 'ஓசி'யைப் பற்றித்தான் பேசுவார்கள். சும்மா கிடைத்தால் யார்தான் காசு கொடுப்பார்கள் என்பார்கள். இந்த ரஷ்யக் கடையின் கதை அப்படிப்பட்டதல்ல. இங்கே வந்தவர்கள் கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டி, முன்பணம் கட்டி, முறையாகத்தான் வாங்கினார்கள். அப்படியும் அது திருட்டு என்றன இசை நிறுவனங்கள். சட்டப்படி நடக்கும் வியாபாரம் என்றது கடை. இரண்டு பேர் கையிலும் சட்டப் புத்தகம் இருந்ததுதான் வேடிக்கை.

இது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1990களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு இசை சிடி 15 முதல் 18 டாலர் வரை விற்றது. பிடித்தது ஒரே ஒரு பாட்டு என்றாலும் மொத்த சிடியையும்தான் வாங்க வேண்டும். விலை ஏன் இறங்கவில்லை என்பதற்கு 2000 மே மாதம் ஒரு விடை கிடைத்தது. ஐந்து பெரிய இசை நிறுவனங்களும், 'இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்தால் விளம்பரத்துக்கு நாங்கள் தரும் பணம் கிடையாது' என்று கடைக்காரர்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்தன. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் இதைக் கண்டுபிடித்து நிறுத்தியது. மூன்று வருடங்களில் மக்கள் 48 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்பது ஆணையத்தின் கணக்கு. மாநில அரசுகள் போட்ட வழக்கை 2002இல் சமரசமாக முடித்தபோது, நிறுவனங்களும் சில பெரிய கடைகளும் 6.74 கோடி டாலர் ரொக்கமும் 7.57 கோடி டாலர் மதிப்புள்ள சிடிக்களும் கொடுக்க ஒப்புக்கொண்டன. தப்பு செய்தோம் என்று மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் நாப்ஸ்டர். 1999 ஜூனில் ஷான் ஃபானிங் என்ற 18 வயது மாணவர் ஆரம்பித்தது. டிசம்பரிலேயே வழக்கு. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது, ஜூலையில் கடை மூடப்பட்டது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் இத்தோடு விடலாம்.

நாப்ஸ்டரை மூடிய பிறகு நிறுவனங்கள் என்ன கொடுத்தன? 2001 கடைசியில் பிரஸ்பிளே, மியூசிக்நெட் என்று இரண்டு சந்தா சேவைகள். சோனியும் யுனிவர்சலும் ஒரு பக்கம், வார்னர், இஎம்ஐ, பிஎம்ஜி மறுபக்கம். இந்தப் பக்கத்துப் பாட்டு பெரும்பாலும் அந்தப் பக்கம் கிடைக்காது. மாதச் சந்தாவை நிறுத்தினால் இறக்கி வைத்த பாட்டும் பாடாது! 2003 ஏப்ரல் 28இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, எந்தப் பாட்டானாலும் 99 சென்ட் என்று சொன்ன பிறகுதான் ஜனங்களுக்கு நிம்மதி வந்தது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. ஆனாலும் அந்தப் பாட்டில் பூட்டு இருந்தது. இத்தனை கணினியில்தான் பாடும், ஐபாட் தவிர வேறு கையடக்கக் கருவியில் பாடாது என்று டி.ஆர்.எம். பூட்டு. தரமும் 128 கிலோபிட், அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு வெகுநாள் கதவே திறக்கவில்லை. ஐரோப்பாவில் 2004 ஜூனில்தான் வந்தது.

சரி, மாஸ்கோவுக்கு வருவோம்.

ஆல்ஆஃப்எம்பி3 பாட்டை எண்ணி விற்கவில்லை. எடை போட்டு விற்றது. கத்தரிக்காய்க்குக் கிலோ போல அங்கே மெகாபைட். ஆரம்பத்தில் ஒரு மெகாபைட் 1 சென்ட், பிறகு 2 சென்ட், அப்புறம் இன்னும் கொஞ்சம். எந்த வடிவத்தில் வேண்டும், என்ன தரத்தில் வேண்டும் என்று வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். கேட்டபடி மாற்றிக் கொடுக்கும். நான்கு நிமிடப் பாட்டை 192 கிலோபிட்டில் எடுத்தால் கிட்டத்தட்ட 5.8 மெகாபைட், அதாவது 2 சென்ட் விலையில் 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதையே 320இல் எடுத்தால் 19 சென்ட். சிடியில் உள்ளது உள்ளபடி, தரம் குறையாமல் வேண்டுமென்றாலும் 60 சென்ட்டுக்குள் முடிந்துவிடும். பூட்டு கிடையாது. வாங்கியவர் எதில் வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். ஐடியூன்ஸில் 2010 நவம்பர் வரை வராத பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே கிடைத்தது. (பீட்டில்ஸ்காரர்கள் இணைய விற்பனைக்கு யாருக்குமே அனுமதி கொடுக்காத காலம் அது என்பதை நினைவில் வைக்கவும்.)

2006இல் பிரிட்டனில் எடுத்த ஒரு கணிப்பில் ஐடியூன்ஸுக்கு அடுத்த இடம் இந்தக் கடைக்குத்தான். இணையத்தில் பாட்டு இறக்கியவர்களில் 14 சதவீதம் பேர் இதைச் சொன்னார்கள்.

இத்தனையும் எந்த தைரியத்தில்? அதற்கு விடை ரஷ்யாவின் 1993ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

வானொலி நிலையமோ ஹோட்டலோ பாட்டுப் போடும்போது ஒவ்வொரு இசையமைப்பாளர் வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் உரிமையாளர்கள் சார்பாக ஒரு சங்கம் இருக்கும். அதனிடம் ஒரு தொகையைக் கட்டினால் சங்கம் பிரித்துக் கொடுத்துவிடும். எல்லா நாட்டிலும் உள்ள ஏற்பாடுதான், இந்தியாவிலும் உண்டு. ஆனால் ரஷ்யச் சட்டம் ஒரு படி மேலே போனது. சங்கத்தில் சேராதவர்களின் படைப்புக்கும் சங்கமே உரிமம் கொடுக்கலாம் என்றது. பிடிக்காதவர்கள் 'என் படைப்பை எடுத்துவிடு' என்று எழுதிக் கேட்டு விலகிக்கொள்ளலாம். அதாவது, வேண்டாம் என்று சொல்லாதவரை சம்மதம்!

ரோம்ஸ் என்ற சங்கம் இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு இணையத் தளங்களுக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. ஆல்ஆஃப்எம்பி3யை நடத்திய மீடியா சர்வீசஸ் நிறுவனம், வருமானத்தில் 15 சதவீதத்தை ரோம்ஸுக்குக் கட்டுவதாகச் சொன்னது. இசை நிறுவனங்களோ, நாங்கள் ரோம்ஸுக்கு எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை என்றன. வந்து உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது ரோம்ஸ். வாங்கினால் கடையை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பதால் நிறுவனங்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை.

ஆக, வாங்கியவர் காசு கொடுத்தார், கடைக்காரர் சங்கத்துக்குக் கட்டினார், பாடியவர் கைக்குத்தான் ஒரு சென்ட்டும் போய்ச் சேரவில்லை.

2005 பிப்ரவரியில் உலக இசை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐயின் புகார் மாஸ்கோ அரசு வழக்கறிஞர்களிடம் போனது. மார்ச்சில் அவர்கள் சொன்ன பதில் இசை உலகத்தையே அதிர வைத்தது. சட்டம் சிடி, கேசட் மாதிரி கையில் பிடிக்கக்கூடிய பிரதிகளைப் பற்றித்தான் பேசுகிறது, இணையத்தில் போகும் கோப்பைப் பற்றிப் பேசவில்லை, எனவே வழக்கு இல்லை! மாஸ்கோவின் கோர்புஷ்கா சந்தையில் திருட்டு சிடி விற்றவரைப் பிடிக்க சட்டத்தில் இடம் இருந்தது. அதே பாட்டைக் கம்பி வழியாக அனுப்பியவரைப் பிடிக்க இடம் இல்லை.

இந்த ஓட்டையும் பிறகு அடைபட்டது. இணையம் வழியாக மக்களுக்குக் கிடைக்கச் செய்யும் உரிமையும் உரிமையாளருக்கே என்ற திருத்தம் 2006 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. கடை அசையவில்லை. எங்களிடம்தான் ரோம்ஸ் உரிமம் இருக்கிறதே என்றது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு, உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்காவிட்டால் இறக்காதீர்கள் என்று தன் விதிமுறையில் ஒரு வரியும் எழுதி வைத்திருந்தது. பொறுப்பைத் தள்ளிவிட இதைவிட வசதியான வழி வேறு இல்லை.

நீதிமன்றம் செய்யாததை வேறு கைகள் செய்தன. 2006 இலையுதிர் காலத்தில் விசா நிறுவனம் அந்தக் கடைக்கான பணப் பட்டுவாடாவை நிறுத்தியது. டென்மார்க்கில் டெலி2 என்ற இணைய சேவை நிறுவனம் அந்தத் தளத்தை அடைக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வந்தது. இதற்கும் மேலே ஒரு பெரிய விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. ரஷ்யாவுக்கு உலக வர்த்தக அமைப்பில் சேர ஆசை. அதற்கு அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். இப்படி ஒரு தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரஷ்யா உறுப்பினர் ஆவதை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது என்ற பொருளில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி சூசன் ஷ்வாப் வெளிப்படையாகவே பேசினார். 2006 நவம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டோடு, இப்படிப்பட்ட தளங்களை மூடுவதற்கான வாக்குறுதியும் சேர்ந்து வந்தது. எஃகும் கோதுமையும் பேசுகிற மேசையில் 12 சென்ட் பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

டிசம்பரில் நியூயார்க் வழக்கு. அமெரிக்கச் சட்டப்படி, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை கேட்கலாம். அந்த வருடம் ஜூன் முதல் அக்டோபர் வரை 1 கோடியே 10 லட்சம் பாட்டு இறக்கப்பட்டது என்று நிறுவனங்கள் கணக்குச் சொன்னன. பெருக்கிப் பார்த்தால் 1.65 லட்சம் கோடி டாலர்! ரஷ்யா என்ற தேசமே அந்த வருடம் முழுக்க உழைத்து உற்பத்தி செய்ததன் மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலருக்குக் கொஞ்சம் கீழேதான். இது வசூல் செய்வதற்குச் சொன்ன தொகை அல்ல, பயமுறுத்தச் சொன்ன தொகை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

2007 ஜூலை தொடக்கத்தில் தளம் மூடப்பட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15 அன்று, அதன் முன்னாள் தலைவர் டெனிஸ் க்வாசவ் மீதான கிரிமினல் வழக்கில் மாஸ்கோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு மூன்று வருட சிறைத் தண்டனை கேட்டிருந்தது. போதிய ஆதாரம் இல்லை, ரோம்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கடை செத்த பிறகு கடைக்காரர் குற்றமற்றவர் ஆனார்.

அதே 2007இல் சட்டபூர்வமான கடைகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ், பூட்டு இல்லாமல் பாட்டு விற்க விடுங்கள் என்று நிறுவனங்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். மே மாதம் இஎம்ஐ பாட்டுகள் பூட்டு இல்லாமல், இரட்டிப்புத் தரத்தில், 1.29 டாலருக்கு ஐடியூன்ஸில் வந்தன. செப்டம்பரில் அமேசான் திறந்த கடையில் பூட்டே கிடையாது, விலை 89 முதல் 99 சென்ட். ரஷ்யக் கடை கொடுத்த வசதிகளை ஒவ்வொன்றாக இவர்களும் கொடுத்தார்கள், அந்த விலையைத் தவிர.

இந்த 99 சென்ட்டில் பாடகருக்கு எவ்வளவு போனது என்பதும் சண்டையில்தான் போய் நின்றது. ஆப்பிளிடமிருந்து நிறுவனத்துக்கு 70 சென்ட் அளவில் போகும். அதில் பாடகர் பங்கு அவரவர் ஒப்பந்தப்படி. எமினெமை முதலில் ஒப்பந்தம் செய்த எஃப்பிடி என்ற தயாரிப்பு நிறுவனம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. அவர்கள் ஒப்பந்தத்தில் இசைத்தட்டு 'விற்றால்' 12 முதல் 20 சதவீதம், உரிமம் கொடுத்தால் பாதிக்குப் பாதி. ஆப்பிளுக்குக் கொடுப்பது விற்பனை என்று சொல்லிக் குறைந்த பங்கையே கொடுத்து வந்தது இசை நிறுவனம். இது விற்பனை அல்ல, உரிமம்தான் என்று 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நாற்பத்து எட்டு கோடியில் ஆரம்பித்த விலைக் கதையில், மாஸ்கோ சங்கம் மட்டும்தான் சட்டத்தின் சொற்களைத் தன் வசதிக்கு வளைத்தது என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

நியூயார்க் வழக்கை நிறுவனங்கள் 2008 மே மாதம் தாங்களே வாபஸ் வாங்கிக்கொண்டன. ரஷ்யா 2012 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அந்த டிசம்பர் 4 அன்று ஐடியூன்ஸ் கடை ஒரே நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் திறந்தது. அதில் ரஷ்யாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. ரஷ்யாவில் ஒரு பாட்டு பெரும்பாலும் 20 ரூபிளுக்குள், அன்றைய டாலர் கணக்கில் 65 சென்ட்டைத் தாண்டவில்லை. இந்தியாவில் நம்மூர்ப் பாட்டு 12, 15 ரூபாய். அன்று டாலர் 54 ரூபாய் சுமாருக்கு இருந்தது. கணக்குப் போட்டால் 22 முதல் 28 சென்ட். இந்த முறை விலையைப் போட்டது உரிமையாளர்களின் சம்மதத்தோடு.