வேலிக்கு வெளியே

1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பார்லிமெண்டு ஒரு விசித்திரமான சட்டம் செய்தது. சாலையில் போகும் நீராவி வண்டி, கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலும் ஊருக்குள் 2 மைலுக்கு மேலும் ஓடக்கூடாது. அதோடு, வண்டிக்கு 60 கஜத்துக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்!

மோட்டார் யுகத்தின் கதையைச் சொல்ல வந்தவர்கள் இந்தச் சட்டத்தைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நாமும் சிரிக்கலாம், தடையில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொடி பிடிப்பவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியவன் வண்டியின் சொந்தக்காரன். பெரிய வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவருகிறவனே, நடந்து போகிறவனுக்கு எச்சரிக்கை செய்யக் கடமைப்பட்டவன் என்பது அந்தக் காலத்து நியாயம்.

1896-ல் இலேசான மோட்டார் வண்டிகள் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை பெற்றன. வேகம் வளர்ந்தது. நியாயமும் மெல்லத் திசை மாறியது. "நடப்பவனே, பார்த்து நட! சைக்கிள்காரனே, ஒதுங்கிப் போ!" என்பது புதிய நியாயம் ஆயிற்று. பழைய நியாயத்துக்குத் திரும்பி வர நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அப்படித் திரும்பி வந்த வழியில் ஒரு முக்கியமான திருப்பம், லண்டன் நகரத்துக் கட்டட லாரிகளின் கதை.

டிப்பர் லாரியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜல்லியையும் மண்ணையும் சுமந்து வந்து, முதுகை உயர்த்திக் கொட்டிவிட்டுப் போகும் வண்டி அது. டிரைவரின் ஆசனம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. தூரத்துச் சாலை அவருக்கு நன்றாகத் தெரியும். வண்டியின் மூக்குக்குக் கீழே தெருவைக் கடக்கும் கிழவி தெரியமாட்டாள். இடது பக்கக் கதவை ஒட்டி நிற்கும் சைக்கிள்காரரும் தெரியமாட்டார். லண்டனிலும் நம் நாட்டைப் போல இடது பக்கம்தான் போக வேண்டும். நீளமான லாரி இடது புறம் திரும்புவதற்கு முன், சற்று வலது புறம் ஒதுங்கும். அது வழிவிடுகிறது என்று நினைத்துச் சைக்கிள்காரர் உள்ளே நுழைவார். லாரி திரும்பும், முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது, ஓரத்தை இன்னும் அறுத்துக்கொண்டு வரும். டிரைவர் கொடியவரல்ல, சைக்கிள்காரர் மூடருமல்ல. ஆனாலும் ஓர் உயிர் போய்விடும்.

இதைத் தடுக்க முதலில் வந்த உபாயம் மிகவும் எளியது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் திறந்த வெளியைக் கம்பித் தடுப்பால் மூடிவிடுவது. அப்போது விழுந்தவர் சக்கரத்துக்கு அடியில் போகாமல் வெளியே தள்ளப்படுவார். 1980-களில் பிரிட்டனில் புதிய லாரிகளுக்கு இந்தப் பக்கத் தடுப்புச் சட்டமாயிற்று. கடந்து செல்லும் லாரியின் பக்கவாட்டில் மோதிச் சாகும் சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை, அதற்குப் பிறகு 61 சதவீதம் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். சில கம்பிகள் செய்த காரியம் இது!

ஆனால் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. டிப்பருக்கும் கான்கிரீட் கலவை லாரிக்கும் தடுப்பு வேண்டியதில்லை. காரணம், அவை கல் குவாரியின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்க வேண்டியவை. தடுப்பு தரையில் இடிக்கும். வாதம் நியாயமானதுதான். ஆனால் குவாரியில் சைக்கிள் ஓட்டுகிறவர் யார்? லாரி குவாரியில் இருப்பது கொஞ்ச நேரம். அதன் நாளில் பெரும் பகுதி நகரத்துத் தெருக்களில் கழிகிறது. கொஞ்ச நேரத்துக்காகச் செய்த சலுகை, மீதி நேரமெல்லாம் தெருவில் ஓடியது.

அதன் விலை 2011-ல் வெட்டவெளிச்சமாயிற்று. அந்த ஆண்டு லண்டனில் 16 சைக்கிள்காரர்கள் மாண்டார்கள். அவர்களில் 9 பேர் லாரியால் மாண்டவர்கள். அந்த 9 லாரிகளில் 7 கட்டட வேலை லாரிகள். 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் 6 சைக்கிள்காரர்கள் பலியானார்கள். அந்த மாதக் கடைசியில் சுமார் ஆயிரம் பேர் நகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்துக்கு எதிரே, குளிர்ந்த தெருவில், பிணங்களைப் போலப் படுத்தார்கள்.

இதற்கிடையில் அந்த நிர்வாகம் நிபுணர்களை அழைத்துக் காரணத்தை விசாரித்திருந்தது. 2013-ல் வெளியான அவர்களுடைய அறிக்கையில் ஓர் உண்மை இருந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் வேலிக்கு உள்ளே எத்தனை ஜாக்கிரதை! தலைக்குக் கவசம், உடம்புக்குப் பளபளக்கும் சட்டை, பின்னால் வரும் லாரிக்குச் சைகை காட்ட ஓர் ஆள். வேலிக்கு உள்ளே ஒரு தொழிலாளி லாரியில் அடிபட்டுச் செத்தால், அது தொழில் விபத்து. கம்பெனி பதில் சொல்ல வேண்டும். அதே லாரி வாசலைத் தாண்டிப் பத்துக் கஜ தூரத்தில் ஒரு பெண்ணை வீழ்த்தினால், அது சாலை விபத்து, போலீஸின் கணக்கு. கம்பெனியின் புத்தகத்தில் அந்தச் சாவுக்குப் பக்கமே இல்லை!

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. லண்டனுக்கு அடியில் புதிய ரயில் பாதை தோண்டிய கிராஸ்ரெயில் நிர்வாகம் முன்பே வழி காட்டியிருந்தது. தடுப்பும் கண்ணாடியும் இல்லாத லாரியை, பயிற்சி பெறாத டிரைவரை, வேலையிடத்து வாசலிலேயே திருப்பி அனுப்பியது. 2013 டிசம்பரில் கட்டடத் தொழிலார் 'கிளாக்ஸ்' என்ற பொது நியதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். கட்டடம் கட்டச் சொல்கிறவரே ஒப்பந்தத்தில் லாரியின் பாதுகாப்பையும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். 2015 செப்டம்பர் 1 முதல், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட எந்த லாரியும் பக்கத் தடுப்பும் கூடுதல் கண்ணாடிகளும் இல்லாமல் லண்டனில் ஓடக்கூடாது என்று ஆயிற்று. பழைய சலுகைக்கு நகரத்துக்குள் இடமில்லாமல் போயிற்று.

இருந்தாலும் கண்ணாடியில் பார்ப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. லீட்ஸ் சர்வகலாசாலையார் சோதித்துப் பார்த்தார்கள். நேரே பார்க்கும் டிரைவரை விட, கண்ணாடியிலும் திரையிலும் பார்க்கும் டிரைவர் 0.7 விநாடி தாமதித்தார். முக்கால் விநாடிகூட இல்லை; அது என்ன பிரமாதம் என்று தோன்றலாம். மணிக்கு 15 மைல் வேகத்தில் அதற்குள் லாரி 15 அடி தூரம் போய்விடும். ஒரு சைக்கிளின் நீளம் 6 அடிதான்!

ஆகவே டிரைவரின் ஜன்னலுக்கே மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஆசனத்திலிருந்து எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்து, பூஜ்யம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. 2021 மார்ச்சு முதல், ஒரு நட்சத்திரமாவது பெறாத லாரி கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது அமுலுக்கு வந்தது. 2024 அக்டோபரில் அந்த வரம்பு மூன்று நட்சத்திரமாக உயர்ந்தது. லாரிச் சொந்தக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். பெருந்தொகை கொடுத்து வாங்கிய வண்டி பழசாகும் முன்பே செல்லாக்காசு ஆவதென்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் ஆசனம் தாழ்ந்து, கண்ணாடிச் சுவர் போன்ற ஜன்னல்களோடு கூடிய லாரி புதிய அதிசயமல்ல. நகரத்துக் குப்பையை அள்ளும் வண்டிகள் முன்பே அப்படித்தான் இருந்தன. குப்பைக்குக் கிடைத்த வசதி ஜல்லிக்கும் செங்கல்லுக்கும் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

டிரைவர் பார்க்க முடியாததைக் காரணமாகக் காட்டிய உயிர்ச்சேத விபத்துகள், லண்டனில் 2018-ல் 12, 2023-ல் 6. பாதியாகக் குறைந்ததைக் கண்டு மகிழலாம். மீதி ஆறையும் மறக்கக்கூடாது.

மாளிகை எழும்பும்போது அதன் செலவைக் கணக்கிடுகிறோம். கல்லுக்கு இவ்வளவு, கம்பிக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று எழுதி வைக்கிறோம். அந்தக் கல் வந்து சேர்ந்த தெருவும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அதை எழுதாமல் விட்டால் செலவு இல்லாமல் போய்விடாது. தெருவில் போகிற யாரோ ஒருவர் அதைச் செலுத்த வேண்டியதாகிறது.