நக்கவாரக் கதையும் மீட்டுரைப்பும்: அந்தமான் நிக்கோபார் நாட்டார் கதைகளின் எழுத்து வரலாறு

முன்னுரை

நாட்டார் கதைகளையும் தொன்மங்களையும் இக்காலத்திற்கேற்ப மாற்றிச் சொல்லும் முயற்சி தமிழ் ஆய்வுலகில் மீட்டுரைப்பு, மறுவாசிப்பு, தொன்ம மாற்றம் எனப் பலவாறு சுட்டப்பெறுகிறது. இம்முயற்சிக்கு அடிப்படையான ஒரு நிபந்தனை உண்டு. எது மாற்றப்பட்டது என்பதைப் படிப்போர் அறிந்திருத்தல் வேண்டும். புதுமைப்பித்தன் 1943இல் ‘சாபவிமோசனம்’ எழுதியபோது, அகலிகை கதையை அறியாத தமிழ் வாசகர் இலர் என்னும் துணிவு அவருக்கு இருந்தது. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகும் இடம் நம்மை உலுக்குகிறது. பழைய கதை நம் நெஞ்சில் முன்னரே இருப்பதே அதற்குக் காரணம். பழைய கதை அறியப்படாத இடத்தில் மீட்டுரைப்பு என்னவாகும் என்னும் வினாவை அந்தமான் நிக்கோபார் தீவுக் கதைகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வினா நூலகத்தில் எழுந்ததன்று. உலக நாட்டார் கதை ஒன்றைப் படித்து, அதனை இக்காலத் திருப்பத்துடன் எழுதி வருமாறு இளங்கலை மாணவர்க்கு ஒரு பயிற்சி அளித்திருந்தேன். பெரும்பாலோர் கிரிம் சகோதரர் கதைகளை எடுத்துக்கொண்டு இளவரசியின் கையில் கைப்பேசியைக் கொடுத்திருந்தனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1970களில் ரப்பர் தோட்டத்திற்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சல் தீவில் வளர்ந்த மாணவி ஒருவர் மட்டும் எதுவும் எழுதவில்லை. ததாரா–வாமீரோ கதையைத் தேர்ந்ததாகவும், பள்ளியில் இந்திப் பாடமாக அதனைப் படித்ததாகவும் கூறினார். “நான் படித்ததே யாரோ மாற்றி எழுதியது போலத்தான் இருக்கிறது, ஐயா. அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று எங்கே பார்ப்பது?” என்றார். என்னிடம் உடனே விடை இல்லை.

தமிழில் நக்கவாரம்

தீவுகளைப் பற்றி வெளியார் சொன்ன கதைகளுள் தமிழ்க் கதையும் ஒன்று. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் மரக்கலம் உடைந்து, நக்க சாரணர் நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். கொலையையும் கள்ளையும் விலக்குமாறு அவர்தம் தலைவனுக்கு அறம் உரைத்துப் பொருளுடன் மீள்கிறான். இவ்விடத்தை நிக்கோபாருடன் பொருத்திக் காண்போர் உளர். ‘நக்க’ என்னும் சொல்லே அதற்கு முதன்மைச் சான்று. ஆதலின் அதனைக் கருத்தாகக் கொள்ளலாமேயன்றி முடிபாகக் கொள்ளலாகாது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் மாநக்கவாரம் நிக்கோபாரே என்பதில் அறிஞரிடையே பெரும் கருத்து வேறுபாடு இல்லை. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. உடலைவிட்ட உயிர் வேறோரிடம் புகும் என்று சாதுவன் சொல்லும்போது, அஃது எங்ஙனம் என்று நாகர் தலைவன் வினவுகிறான். விடை வணிகனுடையது; வினாவையேனும் சாத்தனார் தீவினனுக்கு விட்டுவைத்தார்.

பிற்காலத்தில் கார் நிக்கோபாரில் பல்லாண்டு தங்கி எழுதிய தமிழரும் ஒருவர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூஸ் என்னும் ஊரில் ஆசிரியராகவும் அரசின் முகவராகவும் சமய ஊழியராகவும் பணியாற்றிய வேதப்பன் சாலமோன் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் கழக இதழில் வெளிவந்தன. அவை ஆங்கிலத்தில் அமைந்தவை. விழா, நோய், பேயோட்டல், தேங்காய் வணிகம் என அன்றாடம் கண்டவற்றை அவர் பதிந்துள்ளார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். நிக்கோபாரி மொழியினரைவிட ஏறத்தாழ இருமடங்கினர். எனினும் அம்மக்களின் கதை நம் பிள்ளைகளுக்கு இந்திவழியே வந்து சேர்கிறது.

ததாரா–வாமீரோ

இக்கதையைப் பரவலாக்கியவர் இந்திக் கவிஞர் லீலாதர் மண்ட்லோய். அவர் எழுதிய வடிவம் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2007இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு இந்திப் பாடநூலான ‘ஸ்பர்ஷ்’ இரண்டாம் பாகத்தில் இடம்பெற்றது. கதை வருமாறு. பாசா என்னும் ஊரைச் சேர்ந்த இளைஞன் ததாரா. அவன் இடுப்பில் எந்நேரமும் ஒரு மரவாள் இருக்கும்; அதற்குத் தெய்வ ஆற்றல் உண்டென ஊரார் நம்பினர். மாலைக் கடற்கரையில் லபாத்தி ஊரைச் சேர்ந்த வாமீரோவின் பாட்டைக் கேட்டு அவளிடம் மனத்தை இழக்கிறான். ஓர் ஊரார் தம் ஊருக்குள்ளேயே மணம் செய்தல் வேண்டும் என்பது வழக்கு. பாசாவில் நடைபெற்ற விலங்கு விழாவில் வாமீரோவின் தாய் அவனை இழிவுபடுத்த, சினம் மேலிட்டவன் வாளை மண்ணில் ஊன்றி இழுத்துச் செல்கிறான். நிலம் பிளந்து இரண்டாகிறது. அவன் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமுமாகப் பிரிகின்றனர். ஒரு துண்டு கார் நிக்கோபார், மற்றது லிட்டில் அந்தமான்.

இக்கதையில் இரண்டு காரணக் கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒன்று, தீவுகள் ஏன் பிரிந்தன என்பது. மற்றொன்று, ஊர்விட்டு ஊர் மணம் கொள்ளும் வழக்கம் எவ்வாறு வந்தது என்பது. பள்ளிப் பாடம் இரண்டாவதையே உயர்த்திப் பிடிக்கிறது. பகையை வேரறுக்க ஓர் இணை தன்னை ஈந்தது எனப் பாடநூலின் அறிமுகம் கூறுகிறது. கதையின் இறுதியிலோ, அவ்விருவர் இறந்தது ஒருவேளை இந்நல்ல மாற்றத்திற்காகவே இருக்கலாம் என்னும் பொருள்பட ஆசிரியர் முடிக்கிறார். அந்த ‘ஒருவேளை’ எழுதியவரின் குரல். வழக்கை மீறிய காதலைச் சீர்திருத்தத்திற்கான தியாகமாக்குவதே இங்கு நிகழ்ந்துள்ள இக்காலத் திருப்பம். அதனைக் குறையென்று சொல்ல யான் முற்படவில்லை. ஆனால் அது திருப்பம் என்பது மாணவர்க்குத் தெரிவதில்லை. அவர்க்கு அதுவே மூலம்.

சிறிய செய்திகளிலும் இது காணப்பெறும். கார் நிக்கோபார் விழாக்களின் நடுவில் நிற்கும் விலங்கு பன்றி. பன்றியுடன் இளைஞர் பொருதுவதைப் பழைய குறிப்புகள் விரித்துரைக்கின்றன. பாடத்தில் அது பொதுப்பட ‘விலங்கு’ என்றாகிவிடுகிறது. இரு தீவுகளுக்கும் இடையே 96 கிலோமீட்டர் எனப் பாடம் கூறும். இடையே கிடக்கும் பத்துப் பாகைக் கால்வாயின் அகலமோ ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மீட்டுரைப்பில் கடலும் சுருங்குகிறது போலும்.

லிட்டில் அந்தமானின் தொல்குடியினரான ஒங்கே மக்களின் மொழிக்கும் நிக்கோபாரி மொழிக்கும் உறவில்லை. நிக்கோபாரி ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தது. 1970களில் கார் நிக்கோபார்க் குடும்பங்கள் லிட்டில் அந்தமானின் ஹர்மிந்தர் விரிகுடாப் பகுதியில் குடியமர்த்தப்பட்டன. இரு நிலமும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தன என்னும் கதை அக்குடியேறியோர் வாயில் பெறும் பொருள், தில்லி மாணவனின் வினாத்தாளில் பெறும் பொருளன்று.

பரசுராமன் மழுவை எறியக் கடல் பின்வாங்கி நிலம் தந்தது என்பது கேரளக் கதை. இங்கு மரவாள் நிலத்தைக் கிழித்துக் கடலுக்கு வழிவிடுகிறது. கடல்கோளை இலக்கியமாகப் பெற்ற தமிழர்க்கு இது அயலான கதையன்று. பஃறுளியாறும் பன்மலை அடுக்கமும் கடல்கொண்ட செய்தியை, 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் குரங்கினங்களின் பரவலை விளக்க முன்வைத்த லெமூரியாக் கருதுகோளுடன் இணைத்து நாமும் ஒரு புதிய கதை சொன்னோம். எனினும் சிலப்பதிகாரமும் இறையனார் களவியலுரையும் நம் கையில் உள்ளன; பழையது எது, புதியது எது என ஒப்பிட்டுப் பிரிக்க இயலும். கிரிம் சகோதரர் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் பனிவெண்மையாளைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாயே. பின்னைப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். முதற்பதிப்பு எஞ்சியமையால் அம்மாற்றத்தை நாம் அறிகிறோம். ததாராவுக்கு அத்தகைய முதற்பதிப்பு மாணவர் கையில் இல்லை.

புலுகாவும் பிலிக்குவும்

நிக்கோபாரிலிருந்து வடக்கே அந்தமானுக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்குக் கதைகள் முன்னரே எழுதப்பட்டன; எழுதியோர் தத்தம் நோக்கில் எழுதினர். 1858இல் போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சிறைக்குடியிருப்பு நிறுவப்பட்ட பின், அங்கு அலுவலராயிருந்த எட்வர்டு ஹொரேஸ் மேன் 1880களில் தென் அந்தமானியர் வழக்குகளை வெளியிட்டார். அவர் காட்டும் புலுகா உலகைப் படைத்தவன். சினந்து வெள்ளத்தை அனுப்பியவன். விவிலியம் அறிந்தார்க்கு இவன் மிகவும் பழகிய முகமாகத் தோன்றுவான். 1906 முதல் 1908 வரை அங்குக் கள ஆய்வு செய்து 1922இல் நூல் வெளியிட்ட ராட்கிளிஃப் பிரவுன், வட அந்தமானியரிடம் இதே பெயர் பிலிக்கு என வழங்குவதையும், அங்கு அது பெண்ணைக் குறிப்பதையும், பருவக்காற்றோடும் புயலோடும் தொடர்புடையதாக இருப்பதையும் எடுத்துக்காட்டினார். ஆதி மனிதனிடம் ஒருகடவுள் கொள்கை இருந்தது என நிறுவ முயன்ற வில்ஹெல்ம் ஷ்மிட் பாதிரியாரும் ஆண்ட்ரூ லாங்கும் புலுகாவை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. 1910இல் ஆங்கில இதழ்களில் இது பெரும் சொற்போராயிற்று. அச்சொற்போரில் அந்தமானியர் ஒருவரும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ராட்கிளிஃப் பிரவுனின் தனிச்சிறப்பு, நெருப்பு வந்த கதையின் பல வடிவங்களையும் தனித்தனியே பதிந்தமையாகும். ஒரு வடிவத்தில் மீன்கொத்தி பிலிக்குவிடமிருந்து நெருப்பைக் கவர்கிறது. அவள் சிப்பியை எறிய அதன் சிறகு அறுபடுகிறது. கடலில் பாய்ந்து நெருப்பைப் புறாவிடம் சேர்க்கிறது. வேறு குழுவினர் வேறு உயிரினத்தைச் சொல்வர். இவற்றுள் எது மூலம் என்னும் கேள்வியே அங்குப் பொருளற்றது. ஒவ்வொரு குழுவும் தன் கதையைத் தன் நிலத்தோடு சேர்த்துச் சொன்னது. ஃபிரேசர் 1930இல் உலக நாடுகளின் நெருப்புக் கதைகளைத் தொகுத்தபோது இவையும் அதில் இடம்பெற்றன. புரோமித்தியசுக்கு அருகே மீன்கொத்தி அமர்ந்தது. கதை சொன்னவர் பெயர் அமரவில்லை.

நாவோ ஜூனியர் நினைவுகூர்ந்தவை

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 19 பேராகக் குறைந்திருந்தனர். மொழியியலறிஞர் அன்விதா அப்பி 2005இல் அம்மொழியை ஆவணப்படுத்தத் தொடங்கியபோது, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் ஸ்ட்ரெய்ட் தீவிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கொண்டுவரப்பட்டிருந்த அம்மக்களைக் கண்டார். கதை உண்டா எனக் கேட்டபோது நாவோ ஜூனியர் என்பவர் மறந்துவிட்டதாகவே முதலில் கூறினார். கதை சொல்லியும் கேட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. பின்னர்ச் சிறிது சிறிதாக, அந்தமான் இந்தியின் துணையுடன், கதைகள் மீண்டன. அவற்றுள் ஒன்று மித்தே என்பவனைப் பற்றியது. மீன்பிடிக்கச் சென்ற அவனைப் போல் என்னும் பெருமீன் விழுங்குகிறது. தேடிச் சென்ற சுற்றத்தார் யாவரும் இறுதியில் பறவைகளாகின்றனர். யோனாவின் கதையை உடனே நினைப்போம். ஆனால் யோனா கரையேறித் தன் பணிக்குத் திரும்புகிறான். மித்தேயின் சுற்றம் மனித வாழ்வுக்குத் திரும்புவதில்லை. பறவைகள் தம் முன்னோர் என்னும் நம்பிக்கைக்கு அதுவே வேர். நாவோ ஜூனியர் 2009இல் மறைந்தார். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். பத்துக் கதைகளும் 46 பாடல்களும் அடங்கிய அப்பியின் தொகுப்பு 2021இல் வெளிவந்தது. அதில் சொன்னவர் பெயர் உண்டு. தயங்கிய இடமும் உண்டு. இதனை மீட்டுரைப்பாருக்கு ஒப்பிட ஓர் ஏடு கிடைத்துவிட்டது.

ஆழிப்பேரலையைத் தப்பிய போவா சீனியர், நிலம் பிளக்கும், ஓடாதீர், அசையாதீர் என முன்னோர் சொல்லியிருந்தமையைக் குறிப்பிட்டுள்ளார். அந்நாளில் நிக்கோபாரின் டிரிங்கெட் தீவு துண்டுபட்டது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அந்தமானின் வடமேற்குக் கரை உயர்ந்தது. இதன்பின் ததாரா கதையைப் படிக்கையில், நிலம் பிளந்த பகுதியை வெறும் உவமையாகக் கடந்துசெல்ல என்னால் இயலவில்லை. 2007இல் பாடமாக வந்த வடிவமோ அப்பகுதியைக் காதலின் துயரத்திற்குப் பின்புலமாக்கிக்கொண்டது. தீவினர்க்கு முதன்மையாக இருந்திருக்கக்கூடிய காரணக் கதை இரண்டாமிடம் பெற்றுவிட்டது.

அம்மாணவிக்கு அப்பயிற்சியில் மதிப்பெண் குறைக்கவில்லை. அடுத்த ஆண்டு வினாவையே மாற்றினேன். கதையைத் திருப்பி எழுதுமுன் அதன் வடிவங்கள் இரண்டையேனும் தேடி, ஒவ்வொன்றையும் யார், எம்மொழியில், எவ்வாண்டில், யாருக்குச் சொன்னார் என எழுதிவருதல் வேண்டும். விடுமுறைக்குக் கப்பலேறிய அவர், கச்சலில் தம் வீட்டருகே வாழும் நிக்கோபாரி மூதாட்டியிடம் கேட்டு எழுதிவருவதாகச் சொல்லிச் சென்றுள்ளார்.