ஒருத்தி கையைப் பிடித்து இன்னொருத்தி: வேலூர் டாக்டரம்மாக்களின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது நிமிட வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி இரவு பதினோரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீடு காலி. "டீச்சர், இனிமேல் நான் எதுக்கு?" என்று கேட்டிருந்தாள். உடனே பதில் எழுத வரவில்லை. சரித்திர டீச்சருக்குத் தெரிந்தது கதை சொல்வதுதான். அதனால் நம் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றையே சொல்கிறேன்.

வேலூர் சி.எம்.சி. பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாட்டி கடைசிவரை அதை 'மிஷன் ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னார். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர். குடும்பமே மிஷனரிக் குடும்பம்.

ஐடாவுக்கோ அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியோடு வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்த சின்னப் பெண் அவர். அந்தக் காட்சியே அவரை இந்தியாவை விட்டு ஓட வைத்தது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே வசதியாக வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தது கூடக் கொஞ்ச நாளைக்குத்தான்.

அங்கேதான் அந்த ராத்திரி. பாடப்புத்தகத்தில் பாதி வரியில் முடிந்துபோகும் சம்பவம். இரண்டு இந்துக்கள், ஒரு முஸ்லிம் என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். "எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் ஐடா. அந்நிய ஆண்பிள்ளை எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். பெண்களையும் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார்.

பெரும்பாலான புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் இந்த இடத்தில் கை தட்டிவிட்டு முடித்துவிடும். நானும் பல வருஷம் வகுப்பில் அப்படித்தான் முடித்தேன். இப்போது யோசித்தால், உண்மையான கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு ராத்திரியில் மனசு மாறுவது எல்லோருக்கும் நடக்கக்கூடியதுதான். அடுத்த ஐம்பது வருஷம் அந்த மனசைக் காப்பாற்றிக்கொள்வதுதான் கஷ்டம். அதை ஐடா தனியாகச் செய்யவில்லை.

அவர் வேலூருக்கு வரும்போது ஆன்னி ஹான்காக் என்ற தோழியும் கூடவே வந்தார். ஆன்னி டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவது அவருடைய வேலை. வாசலைத் தாண்டி வராத பெண்கள் நிறைந்த காலம் அது. ஐடா வைத்தியத்தை ஆரம்பித்தது அப்பாவின் பங்களாவில், ஒரே ஒரு படுக்கையோடு. வந்த கொஞ்ச காலத்திலேயே அப்பாவும் இறந்துபோனார். வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் வர ஜனங்களுக்குத் தயக்கம்.

முதல் அறுவை சிகிச்சையின்போது உதவிக்கு நின்றவர் நர்சும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. வீட்டு பட்லரின் மனைவி சலோமி. சட்டி பானை பிடித்த கைகளுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார் ஐடா. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் சலோமிதான். அவருக்குச் சிலையும் இல்லை, தபால்தலையும் இல்லை. ஆனால் பின்னால் வந்த நர்சிங் பள்ளிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் முதல் பாடம் அந்தச் சின்ன அறையில்தான் நடந்தது. தெரிந்த ஒருத்தி தெரியாத ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இப்படிப் பிடி" என்று சொன்ன பாடம்.

1902-ல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது. அப்புறம் மாட்டு வண்டியிலும் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையோரம் போய் மரத்தடியில் வைத்தியம். எங்கள் பாட்டி இதை 'ரோட்டு ஆஸ்பத்திரி' என்பார். வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மாக்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களாம்.

ஆனால் எத்தனை மைல் ஓடினாலும் ஒரே ஒரு டாக்டரம்மா. ஒரு கிராமத்தில் நிற்கும் நேரத்தில் இன்னொரு கிராமத்தில் ஒருத்தி செத்துக்கொண்டிருப்பாள். தான் எவ்வளவு உழைத்தாலும் அந்த மூன்று பெண்களைப் போல இன்னும் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்பது ஐடாவுக்குப் புரிந்தது. தானே செய்வதை விட்டுவிட்டு, செய்யத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

1909-ல் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸ் பொறுப்பில் நர்சிங் பள்ளி தொடங்கியது. அந்தக் காலத்தில் நர்ஸ் வேலை என்றால் முகம் சுளிப்பார்கள். எந்தச் சாதிக்காரரையும் தொட வேண்டும், ரத்தம், மலம், ராத்திரி வேலை, வீட்டை விட்டு வெளியூரில் தங்கல். 'நல்ல குடும்பத்துப் பெண்' போகக்கூடாத வேலை என்று முத்திரை. துணிந்து முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். ஊர் இழிவு என்று சொன்னதை இவர்கள் ஊழியம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே வேலைதான், பெயர் மாறியதும் செய்கிறவளின் தலை நிமிர்ந்தது.

அடுத்தது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதிகாரிகள் நம்பவில்லை. பெண்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்றார்கள். 1918 ஆகஸ்டு 12 அன்று கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். சேர்ந்தவர்கள் 17 பேர். ஐடாவுக்கு அப்போது வயது 47. மாணவிகள் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். 1922-ல் 14 பேர் எல்.எம்.பி. படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். தேர்வு எழுதிய 14 பேரும் தேர்ச்சி.

இந்த 14 பேரைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பெண்ணுக்குப் பதினைந்து வயதுக்குள் கல்யாணம் என்றிருந்த காலத்தில், இவர்கள் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு உடற்கூறு படித்தார்கள். வீட்டில் எத்தனை சண்டை, எத்தனை அழுகை நடந்திருக்கும்! படிப்பு முடித்தவர்களில் சிலர் திரும்பி வந்து அதே இடத்தில் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்களையும் சொல்ல வேண்டும். லூசி பீபாடி இளம் வயதில் கணவரோடு சென்னையில் மிஷனரியாக இருந்தவர். 1886-ல் கணவரை இழந்து, பிள்ளைகளோடு அமெரிக்கா திரும்பினார். அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்துவிடாமல், ஆசியாவில் பெண்களுக்கான ஏழு கல்லூரிகளுக்காக நிதி திரட்டினார். வேலூரும், நம் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த ஏழில் அடக்கம். நீங்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் நிதியம். தேவாலயப் பெண்கள் சங்கங்கள் டாலர் டாலராகச் சேர்த்து 1923-க்குள் அதை முடித்துக் காட்டின.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். 1930-களின் இறுதியில் அரசாங்கம் எல்.எம்.பி. போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்றது. அதற்குப் பணமும் பேராசிரியர்களும் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லா மிஷன்களும் உதவும் என்ற யோசனை வந்தது. லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று பெண்கள் சேர்த்த பணம் இது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் மறுத்தால் கல்லூரியே மூடிப்போகும். எழுபது வயதை நெருங்கிய ஐடா, நெடுநாள் தோழியின் மனவருத்தத்தைச் சம்பாதித்துக்கொண்டு, கல்லூரியைக் காப்பாற்றும் பக்கம் நின்றார். 1942-ல் பட்டப்படிப்பு வந்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். சேவை செய்கிறவர்களுக்குள் சண்டையே வராது என்பது கதைப்புத்தகத்தில்தான்.

பிறகு பொறுப்பு நம் பெண்களின் கைக்கு வந்தது. விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் ஹில்டா லாசரஸ், சுதந்திரம் வந்த சமயத்தில் வேலூரின் தலைமையை ஏற்றார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

இன்னொருவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண், வேலூரில் படித்தவர். 1954-ல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் டாக்டர், வாழ்க்கை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1960-களில் அந்தத் துறையை வேலூரில் கட்டி எழுப்பினார். 1972-ல் பத்மஸ்ரீ. நடக்க முடியாத ஒருத்தி, நடக்க முடியாதவர்களுக்கு வாழக் கற்றுக்கொடுத்தார்.

சரித்திர டீச்சராக இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மிஷனரிகள் வந்ததில் மதம் பரப்பும் நோக்கமும் இருந்தது. வெள்ளைக்கார ஆட்சியின் நிழலும் இருந்தது. அதை மறைத்துச் சொன்னால் சரித்திரம் ஆகாது. நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் பிரசவத்தில் துடித்த பெண்ணுக்கு வாசல் திறந்தது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இந்தப் பெண்களின் பெயரை விட்டுவிட்டும் சொல்ல முடியாது.

கடைசியாக என் சொந்தக் குற்றம் ஒன்று. வெகுநாள் முன்பு, நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி நர்சிங் சேரப்போகிறேன் என்று வந்து நின்றாள். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு அந்த வேலைக்கா போவே? டீச்சர் ட்ரெயினிங் போம்மா" என்றேன். ஐடா ஸ்கடர் பாடம் நடத்திய அதே வாயால்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். நல்லவேளை, என் பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை அங்கே பார்த்தேன். என்னைக் கவனிக்கவில்லை. ஒரு பெரியவரைக் கட்டிலில் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று இரண்டு சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "அவசரப்படாதே. முதல்ல அவர்கிட்ட சொல்லு, அப்புறம் தொடு" என்றாள். வேலையை முடித்துத் திரும்பியவள் என்னைப் பார்த்ததும் "டீச்சர்!" என்று ஓடி வந்தாள். அன்றைக்கு நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்லை டீச்சர்" என்றாள். ஞாபகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரவு பதினோரு மணிக்குக் கேட்ட என் செல்லமே, உனக்கான பதில் இதுதான். நீ டாக்டராக வேண்டாம், கல்லூரி கட்ட வேண்டாம். உனக்குத் தையல் தெரியும், கணக்கு நன்றாக வரும், வங்கிப் படிவம் நிரப்பத் தெரியும். அது தெரியாத ஒருத்தி உன் தெருவிலேயே இருப்பாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இப்படிப் பிடி" என்று சொல். ஐடா சலோமிக்குச் செய்தது அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் நர்சாகவோ மருத்துவச்சியாகவோ இருந்த பாட்டி, அத்தை, சித்தி யாராவது உண்டா? அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப்பிழைக்கு மட்டும் வழக்கம்போல மார்க் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்