முந்நீரும் வங்கக் கடலின் உப்பும்

பாடாங் செராயிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் இவ்வூரைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பெரும்பாலோரின் குடும்ப வரலாறு ஒரு கடலைக் கடந்தே தொடங்குகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோரின் வழித்தோன்றல்கள் நாம். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பலின் பெயரை முதியோர் இன்னும் மறக்கவில்லை. அவர்கள் கடந்த கடலைச் சங்கப் புலவர் முந்நீர் என்றனர். முந்நீர்ப் பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு உரை கூறுவோர் உண்டு. தோட்டத்துக்கு வந்த நம் பாட்டிமார் அவ்வுரையைப் படித்தவர்கள் அல்லர்.

முந்நீர் என்பதனை மூன்று நீர் எனப் பிரிப்பது எளிது. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் கூடியது கடல் என்பது பழைய விளக்கம். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் இதனை ஏற்கவில்லை. ஆற்றுக்கு மூலம் மழை. இவ்விரண்டும் இல்லையேல் ஊற்றும் இல்லை. ஆகவே மூன்றாக எண்ணுதல் பொருந்தாது என்பது அவர் வாதம். முதிய நீர் என்று பொருள் கொள்வதையும் அவர் மறுத்தார். மேகம் பொழியாதாயின் கடலும் தன் இயல்பில் குன்றும் என்ற வள்ளுவர் கருத்தே அதற்கு அவர் காட்டிய சான்று. முடிவில், மண்ணைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முச்செயலையுடைய நீர் என்று பொருள் உரைத்தார்.

மூலம் ஒன்றாயின் எண்ணும் ஒன்றே என்னும் இந்த ஏரணம் கூர்மையானது. ஆனால் கடலின் உப்பை அளக்கும் இன்றைய ஆய்வாளர், அவர் ஒன்றாகச் சேர்த்தவற்றை மீண்டும் தனித்தனியே எண்ணுகின்றனர். மழை கடற்பரப்பெங்கும் விழுகிறது. ஆறு கழிமுகத்தில் கொட்டுகிறது. நிலத்தடிநீர் கரையோரக் கடலடியில் கசிகிறது. சேரும் இடமும் காலமும் வேறாதலின் விளைவும் வேறு.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொணர்ந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினும், முதன்மை உப்புகளின் விகிதம் ஏறத்தாழ மாறாதிருந்தது. எனவே, ஒரு கடலுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உப்பு வேற்றுமை பெரிதும் நன்னீரின் வரவு செலவால் அமைவது. ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. ஆவியாதல் மிகுந்த அரபிக் கடலில் அது 36ஐத் தாண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எனப் பேராறுகள் வந்து விழும் வங்கக் கடலின் வடபகுதியிலோ, தென்மேற்குப் பருவமழைக்குப் பின் மேற்பரப்பில் 30க்கும் கீழே இறங்குகிறது.

அந்நன்னீர் ஆண்டின் இறுதி மாதங்களில் இந்தியக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது. தமிழகப் பரதவர் கடல் நீரோட்டத்தை நீவாடு என்பர். வடக்கிலிருந்து வருவது வாநீவாடு, தெற்கிலிருந்து வருவது சோநீவாடு. பரதவர் வாயில் வழங்கும் இத்தகைய சொற்களை அகராதிகள் போதிய அளவு தொகுக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

நன்னீர் உப்புநீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலால் மெல்லிய போர்வைபோல் மேலே மிதக்கும். காற்று வீசினாலும் கீழுள்ள குளிர்நீர் எளிதில் மேலெழாது. வெயிலின் வெப்பம் மேலேயே தங்கும். வங்கக் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வெப்பமே மழைமேகத்தையும் வளர்க்கிறது, புயலையும் வளர்க்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இக்கடலில் வளர்ந்ததே. உரையாசிரியர் சொன்ன காத்தலும் அழித்தலும் இங்கே ஒரே வெப்பத்தின் இரு செயல்கள்.

படைத்தலுக்குச் சான்று கெடா மாநிலத்திலேயே உண்டு. ஆறு சுமந்துவரும் நுண்ணிய களிமண் நன்னீரில் கலைந்து மிதக்கும். உப்புநீரைத் தொட்டதும் துகளோடு துகள் ஒட்டித் திரண்டு அடியில் படியும். ஆற்றின் வேகம் தணிவதும் அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றைப் பிடிப்பதும் இதற்குத் துணை. இவ்வாறே கழிமுகத்தில் புதுநிலம் எழுகிறது. பட்டினப்பாலை பேசும் காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என்றார். 1025இல் இராசேந்திர சோழனின் படை வந்ததும் கடாரத்துக்கே. அக்கடாரத்தோடு தொடர்புறுத்தப்படும் பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்து அகழ்விடம் இன்று கடற்கரையில் இல்லை; உள்நாட்டில் இருக்கிறது.

இவற்றைக் கொண்டு, நம் முன்னோர் கடலியலை முன்பே அறிந்திருந்தனர் என்று வகுப்பில் கூற வேண்டா. முந்நீர் என்று பெயரிட்டவர் உப்பை அளந்தார் என்பதற்குச் சான்றில்லை. அடியார்க்குநல்லார் செய்தது சொல்லாராய்ச்சி. அதன் பெருமை அதற்குப் போதும். மாணவர்க்குக் காட்டத்தக்கது, ஒரு விளக்கத்தை அவர் எவ்வாறு காரணம் காட்டி மறுத்தார் என்பதே.

அதனை மெர்போக் ஆற்றங்கரையில் நின்று கற்பிக்கலாம். உப்புநீரை மலாய் மொழி மாசின் என்கிறது, நன்னீரைத் தாவார் என்கிறது, இரண்டும் கலந்ததைப் பாயாவ் என்கிறது. கலப்புநீருக்கு ஈழத் தமிழில் சவர் என்னும் சொல் வழங்குகிறது. ஓதம் ஏறுகையில் அந்தச் சவர்நீர் ஆற்றின் மேற்பகுதி வரை சென்று, வற்றுகையில் கடல் நோக்கி இறங்கும்.