மூலையில் ஒரு கண்

தொலைக்காட்சியின் சின்னத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. திரை ஓரத்தில் சும்மா கிடக்கிற அது 'இது யார் பொட்டி' என்பதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்பாவித்தனமான குறி என்று எதுவும் இல்லை.

சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடிநிலை அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1976 ஏப்ரல் 1இல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்த கண், ரவிசங்கரின் இசையோடு சுழன்று வந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்குள் கிடந்தபோது அரசு தேர்ந்துகொண்ட வடிவம் கண்! யாரை யார் பார்க்கும் கண் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது.

அதே 1976இல்தான் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத்தின் தேவையிலிருந்து கல்வியைக் கட்டுவது என்று 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில் விளைந்தது அது. தூர்தர்ஷனும் கிராமத்துக்குக் கல்வி என்றுதான் பேசியது. ஆனால் பேச்சு மேலிருந்து வந்தது. 1982இல் தேசிய ஒளிபரப்பு வந்தபின் மாலையில் தமிழ், ராத்திரியில் இந்தி. பிறகு கொடைக்கானல் கோபுரம் வழியாகத் திண்டுக்கல் பக்கமும் படம் தெளிவானபோது, கண்ணுக்கு அடியில் 'சத்யம் சிவம் சுந்தரம்' தேவநாகரியில் இருந்தது. அதைப் படிக்கத் தெரியாத சின்னாளபட்டி நெசவாளிக்கும் பொட்டி டில்லியுடையது என்று விளங்கிற்று. எழுத்து தெரியாதவரும் வாசிக்கிற அதிகாரம், சின்னம்.

1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்தது. கேபிளும் ரிமோட்டும் பரவப் பரவ, தொடக்கத்தில் தலைகாட்டிவிட்டுப் போன சின்னம் மூலையில் நிரந்தரமாகக் குடியேறியது. சந்தையில் சரக்குக்கு முத்திரை வேண்டுமே! கூடவே கட்சியின் அடையாளமும் ஏறியது: சூரியன், ஜெயா, 2007இல் அண்ணா பிறந்தநாளன்று கலைஞர் தொலைக்காட்சி. டில்லியின் கண்ணுக்கு மாற்றாகக் கிடைத்தது மக்களின் கண் அல்ல.

தூர்தர்ஷன் 2000இல் தன் தமிழ் அலைவரிசைக்குப் 'பொதிகை' என்று பேர் வைத்தது. அகத்தியரை வடக்கிலிருந்து வரவழைக்கும் புராணமும் அந்த மலையில்தான் ஒட்டிக்கிடக்கிறது. இருந்தாலும் அது ஒரு நிலத்தின் பெயர். ஜனங்கள் வாயில் 'பொதிகை' என்றே புழங்கியது. 2024 ஜனவரி 19இல் அது 'டிடி தமிழ்' ஆனது. நிலம் போயிற்று, மையத்தின் பட்டியலில் ஒரு மொழிப்பெயர் மிஞ்சியது. அதே ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவிக்கு மாறியது. நிர்வாகம் அதை ஆரஞ்சு என்றது.

பிரசார் பாரதி 1997 முதல் சட்டப்படி தன்னாட்சி அமைப்பு. பெயரும் நிறமும் மாறும்போது பார்க்கிறவனிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பு அந்தத் தன்னாட்சிக்குள் எங்கே இருக்கிறது? நிகழ்ச்சியை விமர்சிக்கப் பழகிய நாம் அந்த மூலையையும் வாசிக்கப் பழக வேண்டும். கண் அங்கிருந்து நம்மைப் பார்த்து அரை நூற்றாண்டாகிறது. நாம்தான் இன்னும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.